நாயின் கழுத்தில் ஒரு செப்புத் தகடு

படிக்கத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்கிற தோட்டத்தில், என் நாயின் கழுத்தில் நான் எழுதி மாட்டியிருப்பதை இன்றுவரை ஒருவரும் படித்ததில்லை. நினைத்தால் இப்போதும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

வாயால் நாலு பேரிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்கு வராது. கூட்டம் என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். எழுந்து நின்று வாசி என்று வாத்தியார் சொன்னால் அழுதுவிடுவேன். எழுது என்றால் ஒரு மூலையில் உட்கார்ந்து அழகாக எழுதிவிடுவேன். அந்தப் பழக்கத்தில்தான், எழுதி மாட்டிவிட்டால் போதும், நாம் வாய் திறக்க வேண்டியதில்லை என்று நம்பினேன்.

எங்கள் தோட்டம் தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கிற றப்பர்த் தோட்டம். கலியாணமாகி வந்த வருசத்திலிருந்து பால் வெட்டியே என் காலம் போய்விட்டது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கொழும்பில் குடும்பமாக இருக்கிறாள், தீபாவளிக்கு வருவாள். லயத்தில், அந்த வரிசை வீடுகளில் கடைசி வீட்டில், நானும் நாயும்தான்.

அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. "டேய்" என்றால் வருவான். செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். நான் வேலையில் இருந்த கடைசிக் காலத்தில், ஒட்டுப்பால் மூட்டைக்குப் பக்கத்தில் குட்டியாகக் கிடந்து என் பின்னாலேயே வந்தவன். விடியற்காலையில் வேலைக்கு ஆள் சேருகிற பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது என் காலடியில் நிற்பான். பிறகு என்னோடு மலைக்கு வந்து, நான் மரம் மரமாகப் போகப் போக அவனும் மரம் மரமாக வருவான். இப்போது வயதாகிவிட்டது என்று செக்ரோலில், வேலையாட்கள் பேர்ப் புத்தகத்தில், என் பேரை வெட்டியாகிவிட்டது. அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இன்றைக்கும் விடிந்தால் தனியாகவே பெரட்டுக்களத்துக்குப் போய், நான் நின்ற இடத்தில் நின்றுவிட்டு, எல்லோரும் கலைந்த பிறகு வீடு வந்து சேருவான்.

போன வருசம் மழை விட்ட ஒரு மத்தியானம், இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், படுத்திருந்தவன் திடீரென்று பக்கவாட்டில் விழுந்தான். நாலு காலும் ஓடுகிற மாதிரி அடித்துக்கொண்டன. பல்லைக் கடித்துக்கொண்டு வாயில் நுரை தள்ளினான். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. ஆனால் எழுந்தவன் என்னைத் தெரியாதவனாக, கண்ணை உருட்டிக்கொண்டு, சுவரில் முட்டி முட்டி நடந்தான். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. வலிப்பைப் பார்த்துப் பயப்படவில்லை. இதே மாதிரி வெளியில் எங்காவது விழுந்தால் என்ன நடக்கும் என்பதை நினைத்துத்தான் பயந்தேன்.

வாயில் நுரையோடு தள்ளாடுகிற நாயைக் கண்டால் எங்கள் தோட்டத்தில் கேள்வியே கிடையாது. கித்துல் கம்பை எடுத்துவிடுவார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. முன்பு ஒருமுறை வெறிநாய் ஒன்று புகுந்து ஆளையும் மாட்டையும் கடித்துக் குதறிவிட்டது. என்னோடு பால் வெட்டினவள் ஒருத்தி ஆசுபத்திரிக்கு நடந்து நடந்து ஊசி போட்டுக்கொண்டதை நானே பார்த்தேன். அதிலிருந்து தோட்டத்து வாச்சர் கையில் கம்பில்லாமல் நடப்பதில்லை. ஆனால் அதற்குப் பிறகு போக்குப் பாலத்துக்கிட்ட அவர் அடித்துப் போட்ட கறுப்பு நாய்க்கு வெறியும் இல்லை, ஒன்றும் இல்லை. தேரையைக் கவ்வியிருந்தது, அதனால் வாயில் நுரை. செத்த பிறகு வாயைத் திறந்து பார்த்தால் தேரையின் கால் கிடக்கிறது. "சரி, போனது போகட்டும்" என்று மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

ஆட்டோக்காரரைக் கெஞ்சி, நாயைச் சாக்கில் சுற்றி, டவுனில் இருக்கிற மிருக வைத்தியரிடம் கொண்டு போனேன். டொக்டர் ஒரு சின்ன வயதுப் பெண், சிங்களத்துப் பிள்ளை. எல்லாம் கேட்டுவிட்டு, "ஆச்சி, இதுக்கு வந்தது வலிப்புவ" என்றது. சிங்களத்திலும் அதற்கு அதே பேர்தான். காலையும் மாலையும் தவறாமல் மாத்திரை கொடுக்க வேண்டும், கொடுத்தாலும் எப்போதாவது ஒருமுறை வரும், வந்தால் தானாக அடங்கும் வரை விட்டுவிட வேண்டும் என்று சொன்னது. இனி கட்டிப் போட்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாம், கட்டியிருக்கும்போது வந்தால் துள்ளுகிற துள்ளில் கயிறு கழுத்தை இறுக்கிவிடும் என்றது.

"வெளிய விழுந்தா அடிச்சே கொன்னுருவாங்க, மிஸ்."

"அப்போ கழுத்தில் ஒரு அட்டை மாட்டிவிடுங்க ஆச்சி. சீனி வியாதிக்கு மருந்து எடுக்கிற நாய், வலிப்பு வர்ற நாய், காது கேக்காத நாய் எல்லாத்துக்கும் இப்போ அப்படித்தான் செய்றாங்க. இன்ன வருத்தம்னு எழுதி மாட்டினா பார்க்கிறவங்க படிச்சுக்குவாங்க."

பார்க்கிறவர்கள் படித்துக்கொள்வார்கள். அந்தப் பேச்சு என் மனதில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

டவுனில் சாவி வளையம், பரிசுக் கிண்ணம், வீட்டுக்குப் பெயர்ப்பலகை எல்லாம் எழுதித் தருகிற கடை ஒன்று இருக்கிறது. வயதான சிங்களத்து மனுசர், தமிழும் பேசுவார், எழுதுவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு வட்டத் தகட்டைக் காட்டினார். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது.

"கித்துல்கல ஹோட்டல் நாய்க்கு எல்லாம் இதுதான் குடுக்கிறது. நாய் பேர் என்ன?"

"பேரு இல்லீங்க."

"போன் நம்பர்?"

"லயத்துல சிக்னல் கெடைக்காது. பாறைக்கு மேல ஏறணும்."

"பேரும் இல்ல, போனும் இல்ல. அப்போ நான் என்ன எழுதுறது ஆச்சி? நாய்னு எழுதவா? அது பார்த்தாலே தெரியுமே."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு கடதாசி கேட்டு வாங்கி, அங்கேயே குந்தி உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். எனக்கு வலிப்பு நோய். வெறி இல்லை. வெறிக்கு ஊசி போட்டிருக்கிறது. அடிக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவேன். மேல் லயம், கடைசி வீடு.

அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "நாயே பேசுற மாதிரி எழுதியிருக்கீங்க, நல்லா இருக்கு. ஆனா இவ்வளவும் பொத்தானில் எப்படி?"

சிங்களத்திலும் வேண்டும் என்றேன். தோட்டத்து வேலைக்குக் கிராமத்திலிருந்து சிங்களச் சனமும் வருகிறார்கள். அவர் யோசித்துவிட்டு, உள்ளே போய் ஒரு செப்புத் தகட்டை எடுத்து வந்து சதுரமாக வெட்டினார். செம்பு என்றால் எழுத்து ஆழமாக இறங்கும், துருப்பிடிக்காது என்றார். ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் சிங்களம், விளிம்பிலிருந்து விளிம்பு வரைக்கும் பொடிப்பொடியாக எழுத்து. அதே மாதிரிச் சதுரச் செப்புத் தகடுகள், கட்டம் போட்டு எழுதினவை, அந்தக் கடைக் கண்ணாடிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. கோயில்காரர்கள் எழுதி வாங்குகிறவை அவை. அன்றைக்கு என் கண் என் தகட்டைத் தவிர வேறொன்றிலும் படவில்லை.

கழுத்துப் பட்டி வாங்கப் போனால் அவன் அளவுக்குக் கிடைக்கவில்லை. அழுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று கறுப்புக் கயிறு வாங்கி, இறுக்காமல் தளர்வாகக் கட்டித் தகட்டைத் தொங்கவிட்டேன். நாய் நடந்தால் பளபளவென்று ஆடியது. எனக்கு மனதுக்குள் ஒரு பெருமை.

ஆனால் அது மழைக்காலம். நாய்தானே, ஓடையில் இறங்குவான், சேற்றில் புரளுவான். கொஞ்ச நாளில் தகடு கறுத்து எழுத்து மங்கிவிட்டது. எழுத்துத் தெரியாவிட்டால் மாட்டி என்ன புண்ணியம்? செம்புக்குப் புளிப்புத்தானே வேண்டும். சாயங்காலம் குளித்துவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து, எலுமிச்சங்காயை இரண்டாக வெட்டி, சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீர்க் குடத்தோடு போனவள் அப்படியே நின்று பார்த்தாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதும் எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து அவள் உப்புக் கேட்டு வருவது நின்றது. கறி வைத்தால் ஒரு கிண்ணம் எனக்கும் வரும், அதுவும் நின்றது. என் கொடியோடு சேர்த்துக் கட்டியிருந்த அவள் துணிக்கொடியை அவிழ்த்து அந்தப் பக்கம் கட்டினாள். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, "நீங்க மொதல்ல புடிங்க" என்று வழி விட்டார்கள். மரியாதை என்று நினைத்தேன். இரண்டு மூன்று தடவை ஆன பிறகுதான் அது மரியாதை இல்லை என்று உறைத்தது. நாய் ஒரு வாசலைத் தாண்டினால் அந்த வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். என்னவென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண்ணே வந்தாள். வாசல்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டு கேட்டாள்.

"பெரியம்மா, கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. யாருக்கு வச்சிருக்கீங்க?"

"என்னத்தடி?"

"நாய் கழுத்துல கட்டி வுட்டிருக்கீங்களே, அதத்தான்."

"அது நாய்க்குத்தான்."

"நாய்க்கு யாராச்சும் செய்வினை வைப்பாங்களா? நாய் மேல ஏத்தி வுட்டு, அது யாரு வாசல்ல போய்ப் படுக்குதோ அவங்க மேல எறக்குறது. எங்க அம்மாயி சொல்லியிருக்கு. நேத்து எங்க வாசல்லதான வந்து படுத்துச்சு?"

"நீ கருவாடு பொரிச்ச. அதுக்கு வந்து படுத்துச்சு."

"செப்புத் தகடு, பொடிப்பொடியா எழுத்து, கறுப்புக் கயிறு. வெள்ளிக்கிழம பொழுது சாயுற நேரம் எலுமிச்சங்கா வேற வெட்டுறீங்க. நானும் ஒன்னும் தெரியாத பச்சப்புள்ள இல்ல பெரியம்மா."

"தொலக்குனேன்டி. எழுத்துத் தெரியட்டும்னு."

"எழுத்து எதுக்குத் தெரியணும்?"

"நீங்க எல்லாம் படிக்கத்தான்!"

அவள் ஒரு எட்டுப் பின்னால் போனாள். அவள் ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவள், தமிழும் சிங்களமும் தண்ணீர் பட்ட பாடு. நாயைக் கூப்பிட்டு, தகட்டைக் கையில் பிடித்து நீட்டினேன். "இந்தா, நீயே படிச்சுப் பாரு. ரெண்டு பாஷையிலயும் இருக்கு."

"ஐயோ சாமி, வேணாம். வாய்விட்டுப் படிச்சா படிச்சவ மேல ஏறிக்கிரும்."

"அப்ப வாய் வுடாம படி."

"மனசுக்குள்ள படிச்சா இன்னும் மோசம். உள்ளயே தங்கிரும்."

"சரி, நானே படிக்கிறேன், கேளு. எனக்கு வலிப்பு நோய்..."

அவ்வளவுதான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "பாத்தீங்களா, பாத்தீங்களா! படிக்கிறவ வாயால எனக்கு நோயினு சொல்ல வைக்கத்தான எழுதி வாங்கியாந்திருக்கீங்க? ஒங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணுனேன்?" கேட்டுக்கொண்டே ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் தகட்டைப் பிடித்த கையோடு நின்றேன். அது மந்திரத் தகடு இல்லை என்று தெரிய வேண்டுமானால் அதைப் படிக்க வேண்டும். மந்திரத் தகடு என்பதால் அதைப் படிக்க மாட்டார்கள். இந்த முடிச்சை நான் எந்தப் பக்கத்திலிருந்து அவிழ்ப்பது?

கோயில் பூசாரியிடம் சொன்னால் அவர் நாலு பேருக்கு எடுத்துச் சொல்லுவார் என்று போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "தகடு வேணும்னா நம்ம கோயில்ல சொல்லியிருக்கலாமே தாயி. டவுனுக்குப் போய் வெளியாள்கிட்ட எழுதி வாங்கியிருக்கீங்க. நாங்க எல்லாம் எதுக்கு இங்க குந்திக்கிட்டு இருக்கோம்?" என்றார். நான் கற்பூரத்தைக் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டேன்.

பாறைக்கு மேல் ஏறி மகளுக்குப் போன் போட்டேன்.

"கழட்டி வீசிட்டு நாயக் கட்டிப் போடுங்கம்மா."

"கட்டிப் போட்டா கழுத்து இறுகிரும்னு டொக்டர் சொல்லியிருக்கு."

"அப்ப பெரட்டுக்களத்துக்குப் போய், எல்லாரும் இருக்கப்ப, இதுதான் சங்கதின்னு சொல்லிருங்க."

"நானா?"

அவளுக்கு என்னைத் தெரியும். "ஒரு தடவ மட்டும்மா," என்றாள் மெதுவாக. "நாயி வேணும்னா ஒரு தடவ வாயத் தொறங்க."

என்ன சொல்ல வேண்டும் என்று அடுப்படியில் நின்று சொல்லிப் பார்த்தேன். 'என் நாய்க்கு வலிப்பு வருது. அது வெறி இல்ல. தகட்டுல அதத்தான் எழுதியிருக்கு. தயவு செஞ்சு அடிக்காதீங்க.' இவ்வளவுதான் பேச்சு. அடுப்பிடம் சொல்லும்போது நன்றாகத்தான் வந்தது.

ஒரு நாள் விடியற்காலையில் மாத்திரையை ரொட்டித்துண்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, அவன் பின்னாலேயே நானும் பெரட்டுக்களத்துக்குப் போனேன். பேர் வெட்டின பிறகு அங்கே போவது அதுதான் முதல் தடவை. கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கிராமத்துச் சிங்களப் பெண்கள் ஒரு பக்கம், எங்கள் ஆட்கள் ஒரு பக்கம், எல்லோர் கையிலும் வாளி. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். நாய் மட்டும் நேரே போய் நடுவில், என் பழைய இடத்தில் நின்றான். பேர் கூப்பிட்டு முடியட்டும், பிறகு பேசலாம் என்று இருந்தேன்.

பேர் கூப்பிட்டு முடியும் முன்பே அவன் விழுந்துவிட்டான்.

அதே மாதிரிதான். பக்கவாட்டில் விழுந்து, காலை அடித்துக்கொண்டு, நுரை. "பிஸ்ஸு பல்லா!" என்று ஒரு சிங்களப் பெண் கத்தினாள், பைத்தியம் பிடித்த நாய் என்று. வாளிகள் உருண்டன. வட்டமாக எல்லோரும் பின்னால் ஓட, வாச்சர் மட்டும் கம்பை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தார். நான் கத்த வேண்டும். அடுப்படியில் சொல்லிப் பார்த்த அத்தனையும் நெஞ்சுக்குள் இருந்தது, ஒரு சொல்கூட வெளியில் வரவில்லை. காலும் நகரவில்லை. கம்பு மேலே போனதைப் பார்த்தேன்.

"மாமா, அடிக்காதீங்க! தகடு கட்டியிருக்கு! அடிச்ச கை வெளங்காம போயிரும்!"

கத்தினது என் பக்கத்து வீட்டுப் பெண். சிங்களப் பெண்களும் தகட்டைப் பார்த்துவிட்டு "ஹூனியம், ஹூனியம்" என்று வாயைப் பொத்தினார்கள். செய்வினைக்குச் சிங்களத்தில் அப்படிச் சொல்வார்கள். வாச்சரின் கம்பு மேலேயே நின்றது. பிறகு கம்பைத் தூர வீசிவிட்டு, அதைத் தொட்ட கையைச் சாரத்தில் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

எனக்குக் கால் வந்தது. ஓடிப்போய் நாய் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒருவரும் கிட்டே வரவில்லை. வாச்சர் கங்காணியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "வெறியோ, வலிப்போ, வேற என்ன எழவோ, நொரை தள்ளுனா நான் அடிக்கத்தான் செய்வேன். நோய் புடிச்ச நாய வச்சுக்கிட்டு யாரு பாக்குறது? இந்தத் தகடுன்னா வேற சங்கதி. இதுல கைய வச்சுட்டு நான் யாரப் போய்ப் பாக்குறது?"

அப்போதுதான் கணக்கப்பிள்ளை மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். புதிதாக வந்தவர், கேகாலையில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்த பொடியன். என்ன கூட்டம் என்று கேட்டார், சொன்னார்கள். அவர் சிரித்துக்கொண்டே நேராக எங்களிடம் வந்து குனிந்தார். இத்தனை நாளில் நாயின் பக்கத்தில் பயமில்லாமல் வந்த முதல் ஆள் அவர்தான்.

"என்ன தகடு, காட்டுங்க அம்மா. என்னதான் எழுதியிருக்குனு நான் படிக்கிறேன், இவங்க எல்லாரும் கேக்கட்டும்."

இதற்குத்தானே நான் இவ்வளவு நாள் காத்திருந்தது. படித்த ஒரு மனுசர், உரக்க, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அவர் கை தகட்டுக்கு வந்தது. வாச்சர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் அவர் கம்பு கிடந்தது. எடுக்க நாலு எட்டுக்கூட வேண்டாம்.

நான் தகட்டை என் உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.

"வேணாங்கய்யா. படிக்காதீங்க."

அத்தனை பேர் முன்னால் என் வாழ்நாளில் நான் பேசின பேச்சு அவ்வளவுதான். எனக்கே கேட்கிற மாதிரி உரக்க வந்தது. கணக்கப்பிள்ளை நிமிர்ந்தார்.

"இந்தக் காலத்துலயும் இப்படியா?" என்றார். "நீங்க எல்லாம் எப்பதான் திருந்தப் போறீங்க?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் எழுதினதுதான் ஐயா அது, என் கையால் எழுதினது, மந்திரம் இல்லை, மருந்துச் சங்கதி, இவர்கள்தான் படிக்க மாட்டேன் என்கிறார்கள் என்று அவர் சட்டையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் கம்பு திரும்ப வாச்சர் கைக்குப் போய்விடும். ஒன்றும் தெரியாத கிழவி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நாய் அடங்கி, தள்ளாடி எழுந்து, என்னைத் தெரிந்துகொள்ளும் வரைக்கும் அப்படியே இருந்தேன். நாங்கள் இருவரும் வீட்டுக்கு நடந்தபோது கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது.

அதற்குப் பிறகு அவனை ஒருவரும் கல்லால்கூட எறிவதில்லை. இன்னொரு தடவை ரோட்டோரம், கடைக்கு முன்னால் விழுந்திருக்கிறான். சுற்றி நின்று பார்த்துவிட்டு, எழுந்து போகும் வரை காத்திருந்து, பிறகு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்களாம். டொக்டர் பிள்ளையிடம் மருந்துக்குப் போனபோது, "பார்த்தீங்களா ஆச்சி, எழுதி மாட்டினது எவ்வளவு நல்லது" என்றது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாள் முன்பு பக்கத்து வீட்டுப் பெண் திரும்பவும் வாசல்படிக்கு வந்தாள். இந்த முறை கையில் ஒரு கிண்ணம் பலாக்கொட்டைக் கறி. எவ்வளவு நாளைக்குப் பிறகு! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கிண்ணத்தை வாங்கப் போனேன். அவள் விடவில்லை.

"பெரியம்மா, ஒங்களுக்கு எழுதிக் குடுத்தாரே அவரு, எங்க இருக்காரு?"

"எதுக்குடி?"

"எங்க வீட்டுக்காரருக்கும் ஒன்னு எழுதி வாங்கணும். குடி நிக்கணும். ஒங்க நாய்க்கு எவ்வளவு ஒசத்தியா வேல செய்யுது, பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

என்ன சொல்வேன்? இது வெறும் தகடு என்றால், நாளைக்கே பீலி வரைக்கும் போய்விடும், பீலியிலிருந்து வாச்சர் காதுக்குப் போய்விடும். மந்திரத் தகடுதான் என்றால் இருக்கிற காசைக் கொண்டுபோய் அந்தக் கடைக்காரரிடம் கொடுப்பாள். அவர் என்ன எழுதட்டும் என்று கேட்டால் இவள் என்ன சொல்லுவாள்? யோசித்து யோசித்து என் வாயில் வந்தது இதுதான்:

"அது நாய்க்கு மட்டுந்தான்டி கேக்கும்."

"நாய்க்கு மட்டுந்தானா?" அவள் முகம் சுருங்கிவிட்டது. "எங்க வீட்டுக்காரரு நாயவிடக் கேவலமா போயிட்டாரா ஒங்களுக்கு? சொல்ல விருப்பமில்லனா விருப்பமில்லனு சொல்லுங்க பெரியம்மா." கிண்ணத்தோடு திரும்பிப் போய்விட்டாள். கறி வாசனை மட்டும் இஸ்தோப்பில் நின்றது.

இப்போது நான் தகட்டைத் துலக்குவதில்லை. கறுத்துப் போய், எழுத்து இருக்கிற இடம் தடவிப் பார்த்தால்தான் தெரியும். கறுக்கக் கறுக்க அதற்குச் சக்தி கூடுகிறது என்று பீலியில் பேசிக்கொள்கிறார்கள்.

இன்றைக்குச் சாயங்காலமும் அவள் கருவாடு பொரித்தாள். நாய் எழுந்து போய் அவள் வாசலில் படுத்துவிட்டான். அவள் ஒரு கருவாட்டுத் தலையை எடுத்து, தூரத்திலிருந்தே அவன் முன்னால் போட்டாள். "தின்னு சாமி," என்கிறாள். "தின்னுட்டு, எங்க வீட்டுக்காரரு வந்ததும் அவரக் கொஞ்சம் மொறைச்சுப் பாரு."

மாத்திரை கொடுக்கிற நேரமாகிவிட்டது. "டேய்" என்று கூப்பிட்டேன். வரவில்லை.